அட்டை முட்டி

வைட்ஃபீல்ட்
1 டிசம்பர் 2024, ஞாயிறு

பார்கவி,

போனில் பேசினால் நான் குறுக்கே பேசுகிறேன், இனி கடிதம்தான் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டாய். சரி. பேனா வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததெல்லாம் நீ பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனாக்கள். அதில் எழுதினால் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் நான் சொன்னது எதுவும் தப்பில்லை. உன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு அட்டைப் பட்டைகளை ஒரு பித்தளைப் பின் வைத்துக் கோத்து, 'மனித முழங்கால்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அது கதவுக் கீல். முழங்கால் அப்படி வேலை செய்யாது. தொடை எலும்பின் உருண்டை முனை, கீழ்க்கால் எலும்பின் தட்டையான தலைமேல் உருளும், உருண்டுகொண்டே சறுக்கும். அது வழுக்கிப் போய்விடாமல் நடுவில் இரண்டு நார்கள் பெருக்கல் குறி போலக் குறுக்காக நின்று பிடித்துக்கொள்ளும். நான் தினமும் செயற்கை முட்டி வரைந்து சம்பளம் வாங்குகிறவன். என்னைக் கூப்பிட்டது நீ. ஹெட்மிஸ்ட்ரஸிடம் 'என் ஹஸ்பெண்ட், முட்டி எக்ஸ்பர்ட்' என்று அறிமுகம் செய்ததும் நீ. எக்ஸ்பர்ட் வந்து தப்பைப் பார்த்துவிட்டு, கேசரியைத் தின்றுவிட்டுப் போக முடியாது. அதனால் அந்தப் பெண் ரக்ஷிதாவின் கையிலிருந்து மாடலை வாங்கி, பின்னைக் கழற்றி, எது சரி என்று எல்லோருக்கும் சொன்னேன். 'வாங்கி' என்று எழுதியிருக்கிறேன். நீ 'பிடுங்கி' என்பாய்.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாய். போ என்றேன். இவ்வளவு நாள் இருப்பாய் என்று நினைக்கவில்லை.

அபார்ட்மெண்ட் கேட் ஆப்பில் நம் ஃபிளாட்டுக்கு இன்னும் இரண்டு பேர் என்றே இருக்கிறது. 'பார்கவி வெளியே சென்றார்' என்று அன்று வந்த அறிவிப்பு அப்படியே மேலே நிற்கிறது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் சாப்பாட்டுப் பார்சல்காரர்கள்தான்.

எப்போது வருகிறாய் என்று எழுது.

கிரண்


ஜீவனஹள்ளி
9 டிசம்பர் 2024

கிரணுக்கு,

உன் கவர் வந்ததும் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "யாருடி இது, கோர்ட் நோட்டீஸா?" உன் கையெழுத்து அப்படி, எல்லா எழுத்தும் அட்டென்ஷனில் நிற்கிறது. "இல்லம்மா, உன் மாப்பிள்ளை" என்றேன். "அதுக்கு நோட்டீஸே தேவலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், திரும்பி வந்து, "சாப்பிடறானாமா?" என்றாள். கேசரியைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்று சொன்னேன்.

நான் மெதுவாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள். இதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, போய் அடுப்பை அணைத்துவிட்டு, பின்னால் ரயில் போகிற சத்தம் ஓயட்டும் என்று நின்றுவிட்டு வந்து பார்த்தால், அது விட்ட இடத்திலேயே இருக்கிறது. யாரும் முடித்து வைக்கவில்லை.

முழங்கால் கீல் இல்லை என்று எனக்கும் தெரியும், கிரண். பி.எட். படித்தவள் என்பதை விடு, உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவள். அந்தப் பின் தப்பு இல்லை, அது என் பாடத்தின் முதல் பாதி. பிள்ளைகள் அந்த அட்டைக் காலை மடக்கிக்கொண்டே போவார்கள், ஒரு இடத்தில் இரண்டு அட்டையும் இடித்துக்கொண்டு நின்றுவிடும். தங்கள் காலை மடக்கிப் பார்ப்பார்கள், அது குதிகால் தொடையைத் தொடும் வரை போகும். 'ஏன் மிஸ்?' என்று ஒருத்தராவது கேட்பார்கள். அந்த 'ஏன்' வருவதற்காக இரண்டு வாரமாகக் காத்திருந்தேன். அன்று ரக்ஷிதா மடக்கிக்கொண்டிருந்தாள், புருவம் சுருங்கி வாய் திறந்துவிட்டது, நீ வந்து பதிலைச் சொல்லிவிட்டாய்.

அவள் இப்போது எந்த மாடலையும் தொடுவதில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். "அந்த அங்கிள் இன்னொரு வாட்டி வருவாரா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

இன்னொன்று. நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவே இல்லை. சமையலறை வாசலில் நின்று, "கிரண், எனக்கு" என்று ஆரம்பித்தேன். "அம்மா வீட்டுக்குப் போகணும், அவ்ளோதானே, போ" என்று முடித்தது நீ. நீ முடித்துக்கொடுத்த வாக்கியத்தில் ஏறி நான் இங்கே வந்துவிட்டேன்.

பார்கவி


வைட்ஃபீல்ட்
18 டிசம்பர் 2024

பார்கவி,

வாக்கியம் விஷயம்: குறித்துக்கொண்டேன். எப்படி இருந்தாலும் நீ போனாய், அது மாறப்போவதில்லை.

ரக்ஷிதா விஷயம்: அதைச் சரி செய்யலாம். நல்ல மாடல் இல்லாததுதான் பிரச்சினை. அட்டை ஈரத்தில் வளையும், பின் ஆடும். இதோடு ஒரு பெட்டி வருகிறது. வகுப்பில் இருவருக்கு ஒன்று என்ற கணக்கில் பிளைவுட்டில் லேசர் வைத்து வெட்டியது. தொடை எலும்பின் வளைவு உண்மையான ஸ்கேனிலிருந்து எடுத்தது. குறுக்கு நார்களுக்கு நைலான் கயிறு, சரியான நீளத்தில் வெட்டி முடிச்சும் போட்டாகிவிட்டது. எலும்பில் எண் இருக்கிறது, எண்ணுக்கு எண் பொருத்தினால் போதும். தப்பாகப் பொருத்தவே முடியாது, அப்படி வடிவமைத்திருக்கிறேன்.

செய்முறைத் தாள் உள்ளே இருக்கிறது. வாய்விட்டுப் படித்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்.

இட்லி மாவு பாக்கெட் வாங்கினேன். ஒருத்தனுக்கு அது பெரிய பாக்கெட். பாதி புளித்துக் கொட்டினேன். சின்ன பாக்கெட் இந்தப் பக்கம் விற்பதில்லை. எல்லாமே குடும்பத்துக்கு என்று விற்கிறார்கள்.

மாடல் எப்படி வேலை செய்தது என்று எழுது.

கிரண்


ஜீவனஹள்ளி
4 ஜனவரி 2025

கிரணுக்கு,

கிறிஸ்துமஸ் லீவ் முடிந்து பெட்டியைத் திறந்தேன். அழகு, பொய் சொல்லவில்லை. விளிம்பெல்லாம் மணல் தாள் போட்டிருக்கிறாய், பிள்ளைகள் கையில் சிலாம்பு ஏறாமல். அதை நீ கடிதத்தில் எழுதவில்லை, விரலால் தடவியபோதுதான் தெரிந்தது. இப்படித்தான் நீ, எழுத வேண்டியதை எழுத மாட்டாய்.

பிள்ளைகள் எண்ணுக்கு எண் பொருத்தினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லா முட்டியும் தயார். மடக்கினார்கள், நீட்டினார்கள். அப்புறம் அமல் என்னைப் பார்த்து, "ஆய்த்து மிஸ். நெக்ஸ்ட்?" என்றான். அவ்வளவுதான். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் செய்ய வேண்டியதையும் அவர்கள் செய்ய வேண்டியதையும் பெட்டிக்குள்ளேயே நீ செய்துவிட்டாய்.

அதை அலமாரியில் வைத்துவிட்டு எல்லோரையும் பெஞ்சின் நுனியில் உட்காரச் சொன்னேன். முட்டிமேல் உள்ளங்கையை வைத்து, மெதுவாக எழுந்திருங்கள், கைக்கு என்ன தெரிகிறது? "மிஸ், உள்ள லிஃப்ட் ஏறுது!" என்றான் அமல். முட்டிக்கு முன்னால் இருக்கும் சில்லு எலும்பு மேலே ஏறுவதைத்தான் சொன்னான். இன்னொருத்தி, "எனக்கு இல்ல மிஸ், எனக்கு டக்னு சத்தம் வருது, என்னைப் பெத்தவளுக்கு மூட்டு வலி, எனக்கும் வந்துடுச்சு போல" என்று பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு விட்டாள். வகுப்பே சிரித்தது. பிறகு பழைய அட்டைக் காலுக்கு முன்பக்கம் ஒரு நூல் ஒட்டி மேலிருந்து இழுத்தோம். கால் நிமிர மாட்டேன் என்றது. நூலுக்கு அடியில் ஒரு சோடா மூடியை வைத்தோம். லேசாக இழுத்ததும் எழுந்துவிட்டது. சில்லு எதற்கு இருக்கிறது என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ரக்ஷிதா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தொடைக்கு அடியிலேயே.

இதையும் சொல்லிவிடுகிறேன். குடகுப் பக்கம் ஒரு உறைவிடப் பள்ளியில் வேலை இருக்கிறது. இன்டர்வியூ இங்கேயே முடிந்துவிட்டது. தங்கும் இடம் அவர்களே தருகிறார்கள். ஜூனில் சேர வேண்டும், பிப்ரவரிக்குள் பதில் கேட்கிறார்கள். என்ன பதில் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நீயும் முடிவு செய்து கொடுக்காதே.

பார்கவி


வைட்ஃபீல்ட்
15 ஜனவரி 2025

பார்கவி,

குடகுக்குப் போகாதே. அங்கே மழை, அட்டைப்பூச்சி, வாரக்கணக்கில் கரண்ட் வராது. உனக்குக் குளிர் ஆகாது. முடிவு செய்து கொடுக்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

பிளைவுட் மாடலைப் பற்றி நீ எழுதியதில் எனக்குக் கோபம். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் சரி பார்க்காமல் எதையும் நிராகரிப்பது என் பழக்கமில்லை. அதனால் சனிக்கிழமை பார்சல் பெட்டி ஒன்றைக் கிழித்து, எந்த அளவும் எடுக்காமல், கத்தரிக்கோலால் ஒரு முட்டி செய்தேன். சாப்பாட்டு மேசைமேல் செய்தேன், சாப்பிட வேறு யாரும் இல்லை.

வரவில்லை. குறுக்கு நூல்களை இறுக்கக் கட்டினேன், ஆடக் கூடாது என்று. ஆடவில்லை, மடங்கவும் இல்லை. இன்னும் இறுக்கினேன், அட்டை கிழிந்தது. மறுபடி வெட்டினேன். ஒரு நூலைக் கொஞ்சம் விட்டதும் எலும்பு தானாக உருண்டது. எவ்வளவு விட வேண்டும் என்று எனக்கு எண்ணாகத் தெரியும், ஆபீஸில் அந்த எண்ணைத் தினமும் டைப் செய்கிறேன். விரலுக்குத் தெரிந்திருக்கவில்லை. திரையில் முட்டி எப்போதும் நான் சொன்னபடி மடங்கும்.

இதை ஆபீஸில் பக்கத்து சீட் ஸ்ரீஹர்ஷாவிடம் சொன்னேன். "வீக்எண்ட்ல கார்ட்போர்ட் கட் பண்ணியா? ஏனாய்த்தோ நினகே?" என்று, எனக்கு என்னமோ ஆகிவிட்டது போலக் கேட்டுவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொண்டான்.

மேசைமேல் இருக்கட்டும் என்று அந்த அட்டை முட்டியை வைத்திருக்கிறேன். ஃபேன் போட்டால் ஆடுகிறது.

கிரண்


ஜீவனஹள்ளி
27 ஜனவரி 2025

கிரணுக்கு,

உன் அட்டை கிழிந்த இடத்தை நான் நிறைய தடவை படித்தேன். அம்மா, "என்னடி, தனியா சிரிச்சுக்கறே?" என்றாள். மாப்பிள்ளை தோற்றுவிட்டார் என்றேன். "யார்கிட்ட?" என்றாள். பார்சல் பெட்டியிடம்.

அந்தக் குடகுக்காரர்கள் மறுபடியும் போன் செய்தார்கள். அங்கே ஹாஸ்டலில் ஆசிரியைகளுக்குத் தனி அறை, ஜன்னலுக்கு வெளியே காபிச் செடி என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. தனி அறை என்றதும் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன். இங்கே பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு சீரியல் பார்க்கிறேன், யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று அவள் சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டே உன் வீட்டு பால்கனியிலிருந்து இப்போது துணி எடுத்திருப்பாயா, மழை வருமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். உன் வீடு என்று எழுதிவிட்டேன், பார்.

சரி. சனிக்கிழமை 8ஆம் தேதி காலை குறுக்கு நார்ப் பாடம் எடுக்கப் போகிறேன். வா. ரக்ஷிதாவுக்காக வா. நீ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவள் கையை வெளியே எடுப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்காகவும் கொஞ்சம்.

ஒரே நிபந்தனை. வாய் திறக்கக் கூடாது. தப்பாகக் கட்டினாலும், கிழித்தாலும், தலைகீழாக ஒட்டினாலும். கை மட்டும்.

பார்கவி


வைட்ஃபீல்ட்
9 பிப்ரவரி 2025

பார்கவி,

ஒரு வார்த்தை பேசவில்லை. நீயே பார்த்தாய்.

கடைசி பெஞ்ச் எட்டாம் வகுப்புக்காரர்களுக்கான அளவு. என் முட்டி இரண்டும் மேசைக்கு அடியில் நுழையவில்லை, பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்தேன். ரக்ஷிதா முதலில் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்தாள். நான் என் அட்டையை வெட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளும் கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு நூலையும் நேர்நேராகக் கட்டினாள், ஜன்னல் கம்பி மாதிரி. தப்பு. எனக்குத் தொண்டை வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், உண்மையாகவே கடித்தேன், மத்தியானம் ஊறுகாய் எரிந்தது. மடக்கியதும் எலும்பு வழுக்கிக் கீழே விழுந்தது. "அங்கிள், இது ஏன் ஜாருது?" என்று கேட்டாள். தோளைக் குலுக்கினேன். "மிஸ், அங்கிளுக்கு வாய் இல்ல!" என்று கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாய், தோள் குலுங்கியது தெரிந்தது.

அப்புறம் அவள் மூன்று தடவை விழவைத்தாள். நான்காவது தடவை ஒரு நூலை அவிழ்த்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் குத்தினாள். குறுக்காக. மடக்கினாள், உருண்டது, விழவில்லை. என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அந்த முகத்தை என்னால் வடிவமைத்திருக்க முடியாது.

பெல் அடித்த பிறகும் நிபந்தனையை மீறவில்லை. கேட் அருகே நீ நின்றிருந்தாய். அங்கேயும் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு நேராக மெட்ரோவுக்கு நடந்துவிட்டேன். வண்டி பையப்பனஹள்ளி தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பேச யாரும் இல்லை.

என்னால் முடியும் என்று காட்டிவிட்டேன். குடகுப் பள்ளிக்கு இல்லை என்று எழுதிவிடு.

கிரண்


ஜீவனஹள்ளி
16 பிப்ரவரி 2025

கிரணுக்கு,

சனிக்கிழமை காலையிலேயே அம்மா உனக்கும் சேர்த்து உலை வைத்திருந்தாள். நான் ஸ்கூட்டரில் இரண்டாவது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். கேட் அருகே நான் சும்மா நிற்கவில்லை. நீ வந்து ஏதாவது கேட்பாய் என்று நின்றேன். வாட்ச்மேனுக்கு ஆட்டுவது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனாய். அந்தத் தெருமுனை வரை உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் திரும்புவான் என்று இரண்டு ஆட்டோ போகும்வரை நினைத்தேன். வாய் திறக்காதே என்றது வகுப்புக்கு. அதைக்கூட நான் எழுதியிருக்க வேண்டும் போல.

ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு ரக்ஷிதா, "அங்கிள் மறந்துட்டுப் போய்ட்டாரா மிஸ்?" என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். எப்போது வருகிறாய் என்று எழுது. எப்படி வேலை செய்தது என்று எழுது. போகாதே. இல்லை என்று எழுதிவிடு. ஒன்றில்கூட நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை, கிரண். பேசும்போது முடித்து வைக்கிறாய், பேசாதே என்றால் ஒரேயடியாக மூடிக்கொள்கிறாய். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. நான் வகுப்பில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன், கேட்டுவிட்டு நிற்பது. வீட்டில் யாரும் கேட்காமல் கேட்காமல், கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது.

ரக்ஷிதாவின் கைகள் இப்போது சும்மா இருப்பதில்லை, பெஞ்சில் கோந்து கொட்டித் திட்டு வாங்குகிறாள். அதற்கு நன்றி, மனசாரச் சொல்கிறேன். அன்று நீ நன்றாக உட்கார்ந்தாய்.

குடகுக்கு வருகிறேன் என்று வெள்ளிக்கிழமை எழுதிப் போட்டுவிட்டேன்.

பார்கவி


வைட்ஃபீல்ட்
23 பிப்ரவரி 2025, ஞாயிறு

பார்கவி,

குடகு பற்றி எழுதியதைப் படித்தேன். அதை மாற்றுவதற்கு எதுவும் எழுதப்போவதில்லை.

இந்தக் கடிதத்தை வாரம் முழுக்க எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் காரணம் இருந்தது, விளக்கம் இருந்தது. கிழித்தேன்.

நேற்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து முட்டிமேல் கையை வைத்து எழுந்து பார்த்தேன், உன் பிள்ளைகள் செய்தது போல. லிஃப்ட் ஏறியது. பிறகு உட்கார்ந்தபடியே காலை மெதுவாக நீட்டிப் பார்த்தேன். முழுக்க நிமிர்வதற்குச் சற்று முன்னால் கீழ்க்கால் லேசாக வெளிப்பக்கம் திரும்புகிறது. அது நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். என் காலும் அதைச் செய்கிறது என்று நேற்றுத்தான் தொட்டுப் பார்த்தேன். அவசரமாக நீட்டினால் கைக்குத் தெரிவதே இல்லை. அங்கேயே திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தம் எதுவும் இல்லை, ஃபேனுக்கு மேசைமேல் அந்த அட்டை முட்டி ஆடுகிற சத்தம் மட்டும்.

அன்று சாயங்காலம் நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்றாய். கண்காட்சியில் ஒட்டிய கோந்து உன் சுண்டுவிரலில் காய்ந்திருந்தது. "கிரண், எனக்கு" என்று ஆரம்பித்தாய். அதை நான் இந்த வாரம் பல விதமாக முடித்துப் பார்த்தேன். எல்லாமே என் குரலில்தான் இருந்தன.

எனக்குத் தெரியவில்லை. வெறும் தாள் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். ஜூனுக்கு முன்னால் எழுதினாலும் சரி, அங்கே போய் எழுதினாலும் சரி. அடுப்பை அணைத்துவிட்டு வா, ரயில் போகட்டும்.

"கிரண், எனக்கு" என்றாய். அதற்கப்புறம் என்ன, பார்கவி?

கிரண்